எஸ்கேப்மென்டுக்கு ‘விடுபிடி’: என் வாதம்

அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் குழுவில் உள்ள மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

கடிகாரத்தின் பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகரவிடுகிற உறுப்புக்கு ஆங்கிலத்தில் எஸ்கேப்மென்ட் என்று பெயர். நான் எழுதும் நாவலுக்காக அந்தச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு முதல் மடல் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. நீங்கள் தந்த சொற்களை எல்லாம் நாவலின் கைப்படியில் ஒவ்வொன்றாக வைத்து, வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் உறுத்தாமல் நின்றது. ‘விடுபிடி’. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நாவலின் கதை. உலகமே பற்சக்கரங்களால் ஓடுகிறது. சூரியன் ஒரு பித்தளைத் தடத்தில் ஏறி இறங்குகிறது. ஆற்றுக்குக்கூட மேலே ஒரு சக்கரம் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வராது. திடீரென்று பகல் குறுக ஆரம்பிக்கிறது. உலகத்தை ஓட்டுகிற பெரிய சுருள்வில் தளர்ந்துவிட்டது, மறுபடியும் சாவி கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தொலைந்துபோன அந்தச் சாவியைத் தேடி ஒரு பெண் கிளம்புகிறாள். பாதி வழியில்தான் அவளுக்கு உறைக்கிறது: வில் தளர்ந்தால் உலகம் ஓய்ந்து நிற்க வேண்டுமே, இது ஏன் வேகமாக ஓடுகிறது? சாவியில் கோளாறு இல்லை. பல்லைப் பிடித்து நிறுத்த வேண்டிய உறுப்பு தேய்ந்துபோய், பற்கள் ஒன்றைத் தாண்டி ஒன்று நழுவுகின்றன. அந்த உறுப்பின் பெயரைத்தான் நான் உங்களிடம் கேட்டேன். கதை திரும்புகிற இடமே அந்த ஒரு சொல்தான். கிழவி ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்து அதைச் சொல்ல வேண்டும். பாடநூலில் மட்டும் வாழ்கிற சொல் அவள் வாயில் வராது.

வகைமைப் பெயரை முதலில் முடித்துவிடலாம். நீராவியும் பற்சக்கரமும் ஓட்டுகிற உலகங்களைப் புனையும் கதைகளுக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். அதுவே பழைய சொல் இல்லை. 1987இல் கே. டபிள்யூ. ஜெட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், கணினி உலகக் கதைகளுக்கு வழங்கிய சைபர்பங்க் என்ற பெயரைப் பார்த்து, ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் போட்ட சொல் அது. அதன் பிற்பாதியைத் தமிழில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நமக்குப் பங்க் என்றால் பெட்ரோல் பங்க். ‘ஆவிப் புனைவு’ என்றால் பேய்க்கதை. ‘நீராவிப் புனைவு’ என்ற டீச்சரின் சொல்லை எடுத்துக்கொண்டேன். என் கதையில் கொதிகலன் இரண்டே இரண்டு இடத்தில்தான் வருகிறது என்றாலும் அட்டையில் அதுவே இருக்கட்டும்.

சாவி கொடுத்தால் சக்கரங்கள் ஓடுகிற கிளாக்வொர்க் என்பதற்கு ‘சாவிப்பொறி’ என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ‘சாவி கொடுத்த பொம்மை’ என்று குழந்தைக்கும் தெரியும். ‘முடுக்குப்பொறி’ என்று நான் முதலில் எழுதியதைத் திருத்திய அண்ணாச்சிக்கு நன்றி. முடுக்கம் இயற்பியலில் வேறு வேலைக்குப் போய்விட்டது, நம்மூரில் முடுக்கு என்றால் சந்து. ‘பொறி’யைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எலிப்பொறி நினைவுக்கு வருகிறது என்று தம்பி ஒருவர் தயங்கினார். சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறது இல்லையா? அரசி விசயை ‘பொறி வலம் திரிப்ப’ அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும், இடம் திரித்தால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். திருகி இயக்குகிற பறக்கும் ஊர்தியை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பொறி என்று பெயர் சொல்லிப் பாடியிருக்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

சரி, எஸ்கேப்மென்ட்.

> தப்பிப்பது என்பதுதானே மூலப்பொருள்? ‘தப்பிப்பி’ என்று வைத்தால் குழப்பம் இல்லை.

> பாடநூலில் ‘விடுபடு திசைவேகம்’ இருக்கிறது. அதே வழியில் ‘விடுபடுவி’ என்று போகலாம்.

இரண்டுமே ஆங்கிலப் பெயரின் பின்னால் போகின்றன. அந்தப் பெயர் பாதி வேலையைத்தான் சொல்கிறது. பல் தப்பிப் போவதைச் சொல்கிறது, அடுத்த பல் பிடிபடுவதைச் சொல்லவில்லை. பிடிக்கிற வேலை இல்லையென்றால் அந்த உறுப்பே தேவையில்லையே. முறுக்கிய வில்லை அப்படியே விட்டால் சர்ரென்று நொடியில் அவிழ்ந்து ஓய்ந்துவிடும். அப்பாவின் கடையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு படிக்கட்டுக்கு அடியில் வாட்ச் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு பழைய டைம்பீஸைப் பிரித்தார். வில்லின் முறுக்கை இறக்காமலே அந்த உறுப்பைக் கழற்றிவிட்டார். சக்கரங்கள் எல்லாம் ஒரே இரைச்சலாகச் சுற்றி அடங்கின. முள் பல மணி நேரத்தை ஒரு மூச்சில் தாண்டிப் போனது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அந்த டைம்பீஸின் ஒரு நாள் முழுக்க என் கண் முன்னால் கொட்டிப்போனது போல இருந்தது. இந்த நாவல் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்வதற்கு அது வேண்டும். ஊசல் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள ஊசல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுக்கும். போய்வர இரண்டு வினாடி. ஊசலோடு சேர்ந்து ஆடுகிற ஒரு கவை, அதன் இரண்டு முனையிலும் நகம் போல வளைவு. ஒரு நகம் சக்கரத்தின் பல்லை விடும்போது சக்கரம் நகரப் பார்க்கும், உடனே மறு நகம் வேறொரு பல்லைப் பிடித்துக்கொள்ளும். டிக் என்று நாம் கேட்பது அந்தப் பிடி விழும் ஓசை. ஊசல் ஒருமுறை போய்வந்தால் சக்கரம் ஒரு பல் நகர்ந்திருக்கும். சக்கரத்தில் 30 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 60 வினாடி, அந்த அச்சிலேயே வினாடி முள்ளை மாட்டிவிடலாம். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் இந்த டிக் மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து. விடு, பிடி, விடு, பிடி. வேறு எதுவும் இல்லை.

நீர் ஒழுகுவதை வைத்து நேரம் கணிக்கும் நாழிகை வட்டிலை நினைவூட்டி, அதன் பழைய பெயரான ‘கன்னல்’ என்ற சொல்லை மீட்கலாம் என்றார் ஒருவர். முல்லைப்பாட்டில் வருகிற ‘குறுநீர்க் கன்னல்’ எனக்கும் ரொம்பப் பிடித்த சொல். நாவலில் அதற்கு ஓர் இடமும் வைத்திருக்கிறேன், 24 நிமிடம் கொண்ட நாழிகையைக் கணக்கிடும் ஒரு நீர்வீட்டுக்கு. ஆனால் இந்த உறுப்புக்கு அது பொருந்தாது. வட்டிலில் நீர் இடைவிடாமல் ஒழுகும், அதற்குத் துடிப்பு இல்லை. ஒழுகும் காலத்தைத் துண்டு துண்டாக எண்ணத் தொடங்கியதே இந்த உறுப்பு வந்த பிறகுதான். நீரை வைத்துக்கொண்டும் அதைச் செய்தவர்கள் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனத்தில் சு சோங் கட்டிய கடிகாரக் கோபுரத்தில், வாளி நிறையும்வரை சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்து, நிறைந்ததும் ஓரடி நகரவிடுகிற ஏற்பாடு இருந்தது. அங்கேயும் பாருங்கள், நடப்பது விடுவதும் பிடிப்பதும்தான்.

இந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். அகராதியிலிருந்து வரவில்லை. என் மனைவியின் ஊர் தூத்தூர்ப் பக்கம். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்போன கரை அது. போன மாதம் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய மீன் மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “இழுத்தா கயிறு போவும், சும்மா விட்டா மீனு போவும். விட்டுப் பிடிக்கணும் மக்கா” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வில்லின் விசையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பட்டம் விடுகிற பையனுக்கும் இந்தச் சொல் தெரியும். அடம்பிடிக்கிற பிள்ளையை ‘விட்டுப் பிடி’ என்று எல்லா வீட்டிலும் சொல்வோம். பொருள் ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது, நாம் வடிவம் மட்டும் கொடுத்தால் போதும்.

முதலில் ‘விட்டுப்பிடி’ என்றே எழுதினேன். ‘விட்டுப்பிடிச் சக்கரம்’ என்று சேர்த்தபோது நடை தடுக்கியது. வேர்ச்சொற்களை மட்டும் நிறுத்தி ‘விடுபிடி’ என்றேன். விடுபிடிச் சக்கரம், விடுபிடிக் கவை, விடுபிடி நகம் என்று குடும்பம் முழுக்க இயல்பாக வளர்கிறது. கவைக்கு ஆங்கிலத்தில் நங்கூரம் என்ற பெயர் உண்டு, தோற்றத்தால் வந்தது. கடலோரத்தில் இருக்கிற நமக்கு நங்கூரம் என்றால் அசையாமல் நிறுத்துவது. ஓயாமல் ஆடும் உறுப்புக்கு அதை வைக்க எனக்கு ஒப்பவில்லை.

இனி மறுப்புகள்.

> ‘எடுபிடி’ ஞாபகம் வருகிறது. தரக்குறைவாக ஒலிக்காதா?

ஞாபகம் வருவது உண்மை. எடு, பிடி என்ற இரண்டு ஏவல் சேர்ந்து ஒரு பெயராக நிற்கும் அச்சு தமிழில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் புதுச்சொல் காதுக்கு அந்நியமாக இல்லை. இழிவான பொருள் ‘எடுபிடி’ என்ற முழுச்சொல்லுக்கு மனிதர்கள் ஏற்றியது, ‘பிடி’க்கு அதில் பங்கு இல்லை. கைப்பிடி, பிடிமானம் எல்லாம் நல்ல சொற்கள்தானே.

> கருவியின் பெயர் என்றால் ‘-இ’, ‘-ஆன்’ என்று ஒரு விகுதி வேண்டாமா?

பூட்டு, திருகு இரண்டுக்கும் என்ன விகுதி இருக்கிறது? வினையே கருவியாக நிற்கிறது. கொல்லரும் தச்சரும் பெயர் வைத்த முறை அது. அவர்கள் வரிசையில் இந்த உறுப்பும் நிற்கட்டும்.

டீச்சரின் மறுப்புதான் கனமானது. விடுவதும் பிடிப்பதும் மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் ஊசலுக்குச் சின்னதாக ஓர் உந்து கொடுப்பதும் இந்த உறுப்பின் வேலை, இல்லாவிட்டால் காற்றின் தடையில் ஊசல் ஓய்ந்துவிடும், அதைச் சொல் காட்டவில்லை என்கிறார். முற்றிலும் சரி. இரண்டு நாள் யோசித்தேன். பல் நகத்திலிருந்து வழுக்கி வெளியேறும் அந்தக் கணத்தில்தான் உந்து பிறக்கிறது. ஊஞ்சலில் பிள்ளையைத் தள்ளிவிடுகிற கை, தள்ளுகிற போதே விட்டுவிடுகிறது அல்லவா, அது மாதிரி. ஆகவே உந்து ‘விடு’வுக்குள் அடங்கும் என்பது என் எண்ணம். தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘விடுவுந்து’ என்று எழுதப் பார்த்தேன், அழகாக இல்லை. வெறும் ‘உந்து’ போதும். டீச்சருக்கு இது ஏற்பில்லை என்றால் சொல்லுங்கள், இன்னும் பேசலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். மணிமாளிகைக் கடிகாரத்துக்கு வயது முந்நூறு என்று சொல்கிறார்கள். திரும்பும் வழியில் நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரக் கோபுரத்தையும் காட்டினேன், 1893இல் மூலம் திருநாள் மகாராஜா வந்தபோது திறந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டாள். சக்கரம், எடை, ஊசல், அப்புறம் ஒரு விடுபிடி என்றேன். அது என்ன என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ பிடிக்கலைன்னா எல்லாம் ஓடிப்போயிருமா?” என்றாள். விளக்கம் கேட்காமலே அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் எனக்கிருந்த கடைசித் தயக்கமும் போனது.

கிழவி பேசும் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்:

“சாவியத் தேடி எங்க அலையுத மக்கா? வில்லு நல்லாத்தான் இருக்கு. விடுபிடி தேஞ்சு போச்சு. விட மட்டுந்தான் தெரியுது இப்ப இந்த லோகத்துக்கு, பிடிக்கத் தெரியல.”

நம்மூர்ப் பேச்சு இதில் சரியாக விழுந்திருக்கிறதா என்று கல்குளம், விளவங்கோடு பக்கத்து நண்பர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘அலையுத’ என்பதில் எனக்கே உறுதியில்லை.

அடுத்த சிக்கல் ஹேர்ஸ்பிரிங், கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் முடி போல் மெல்லிய சுருள்வில். ‘முடிவில்’ என்று எழுதினால் வாசகர் ‘இறுதியில்’ என்று படிப்பார். ‘மயிர்வில்’ நேரான சொல், ஆனால் அந்தப் பெயரை இன்று எங்கு வைத்தாலும் வசையாக ஒலிக்கிறது. ‘நுண்சுருள்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், அதில் வில் இல்லாதது குறை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அது ஆறு இடத்தில் வருகிறது. அண்ணாச்சி, உங்கள் கையில் ஏதாவது இருக்கிறதா?