புதுப்பிப்பு: 'ஆன்னிஸ் சாங்' பாடலில் நான் தவறவிட்ட ஒரு சொல்

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் 1974ஆம் ஆண்டுப் பாடல் 'ஆன்னிஸ் சாங்' பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். கிட்டாரோடு மெதுவாகத் தொடங்கும், காடும் மலையும் மழையும் நிறைந்த காதல் பாட்டு அது. புதிதாகக் காதலில் விழுந்தவன் பாடுவது என்று பொருள் சொல்லியிருந்தேன். அது தவறு.

கடைசியில் வரும் 'மறுபடியும்' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. வந்து என்னை மறுபடியும் நிரப்பு என்கிறான். அப்படியென்றால் முன்பு நிறைந்திருந்தது, நடுவில் வற்றியிருக்கிறது! வரலாறும் அதையே சொல்கிறது. டென்வரும் மனைவி ஆன்னியும் 1967இல் மணந்தவர்கள். கடினமான ஒரு காலத்தைக் கடந்து இருவரும் மீண்டும் நெருங்கியிருந்த சமயம், 1973இல், அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஆஸ்பென் மலையில் பனிச்சறுக்கு லிஃப்டில் ஏறிப் போகும்போது பத்தே நிமிடத்தில் மனதில் உருவான பாட்டு இது. பாட்டுக்குள் ஆன்னியின் பெயர் ஓரிடத்திலும் கிடையாது.

இன்னொரு திருத்தம். முதல் வரியை 'என் மனதை நிரப்புகிறாய்' என்று மொழிபெயர்த்திருந்தேன். அவர் சொல்வது மனதை அல்ல, புலன்களை. காட்டின் இரவு, மழையில் நடை, பாலைவனப் புயல் எல்லாமே உடம்பால் உணர்பவை. "கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும் ஒண்தொடி கண்ணே உள" என்ற குறள் (ஐம்புலன்களின் இன்பமும் இவளிடமே உள்ளன என்கிறான் காதலன்) எனக்கு அப்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை இப்போது 'என் ஐம்புலனும் உன்னால் நிறைகிறது' என்று மாற்றிவிட்டேன்.