சோடியம் +2.9 வந்த மாதம்

மெஷினில் சோடியத்தை அளக்கும் எலக்ட்ரோடை மாற்றியும் ரிசல்ட் சரியாகாத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

எங்களுடையது சின்ன ஊர் லேப். பயோகெமிஸ்ட்ரிக்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனை நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறோம்; ஒரே சாம்பிளைப் பல லேப்களுக்கு அனுப்பி ரிசல்ட்டை ஒப்பிடுவார்கள். வரும் குப்பியில் உலர்த்திய சீரம் தூளாக இருக்கும். 5 மில்லி டிஸ்டில்டு வாட்டர் விட்டு, நுரை வராமல் மெதுவாக உருட்டிக் கரைத்து, நோயாளி சாம்பிள் மாதிரியே ஓட்ட வேண்டும். மற்ற லேப்களின் சராசரியிலிருந்து நாம் எத்தனை எஸ்டி (திட்ட விலக்கம், அதாவது லேப்களின் ரிசல்ட் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு) தள்ளி நிற்கிறோம் என்று ஸ்கோர் வரும். 2க்குள் இருந்தால் ஃபைலில் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். தப்பு அங்கேதான்.

அந்த மாதம் சோடியம் +2.9. குழுச் சராசரி 140, எஸ்டி 2, நாங்கள் கொடுத்தது 145.8. எலக்ட்ரோடு போய்விட்டது என்று புதுசு வாங்கிப் போட்டோம். அடுத்த மாதமும் +2.7. இத்தனைக்கும் தினசரி கண்ட்ரோல் (மதிப்பு முன்பே தெரிந்த சோதனை சாம்பிள்), அதை நாள்தோறும் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் நடுக்கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது.

எங்கள் லேப் மேடம் சோடியத்தை விட்டுவிட்டு, 12 டெஸ்டின் ஸ்கோரையும் ஒரே வரிசையில் எழுதச் சொன்னார். கால்சியம் +1.6, யூரியா +0.8, கிரியாட்டினின் +0.5... ஒன்றுகூட மைனஸ் இல்லை! 12 முறை காசு சுண்டி 12 தடவையும் தலை விழ 4096இல் ஒரு வாய்ப்புதான். டெஸ்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காசுகள் அல்ல, சரி. ஆனாலும் சந்தேகம் வர அது போதும்.

தண்ணீர் எடுத்த பிப்பெட்டை தராசில் சோதித்தோம். 5 கிராம் வர வேண்டிய இடத்தில் 4.8தான் வந்தது. சீரம் 4 சதவீதம் கெட்டி. சோடியத்தில் லேப்களுக்குள் வித்தியாசம் ரொம்பக் குறைவு என்பதால் அந்த 4 சதவீதம் 2.9 ஆகத் தெரிந்தது. கிரியாட்டினினில் எஸ்டி பெரிது, அதே பிழை 0.5க்குள் ஒளிந்துகொண்டது. தினசரி கண்ட்ரோல் நாங்கள் வாங்குவது திரவமாகவே வரும். அதற்குப் பிப்பெட் வேலையே இல்லை. நல்லவேளை, நோயாளி ரிப்போர்ட் எதுவும் கெடவில்லை. எலக்ட்ரோடு காசுதான் தண்டம்.

—

(இதற்கு இன்னொருவர் எழுதிய பதில்) அக்கா, உங்களை ஸ்கோர் ஏமாற்றியது, என்னை 'ஆர்' ஏமாற்றியது; இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண் அது, 1 என்றால் முழுப் பொருத்தம். புது மெஷின் வந்தபோது பழையதோடு 40 சாம்பிள் சுகர் ஒப்பிட்டோம். ஆர் 0.99 என்று மெஷின் கொண்டுவந்தவர் கிராஃபைக் காட்டினார், நானும் தலையாட்டினேன். பழையதில் 98 என்றால் புதியதில் 112, 150க்கு 165, 210க்கு 226. சேர்ந்தே ஏறி இறங்கினால் ஆர் நன்றாகத்தான் வரும், எல்லாம் சுமார் 15 கூடுதலாக இருப்பதை அது சொல்லாது. புள்ளியியல் நிபுணர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இலேயே லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதிவிட்டார்கள். இரண்டின் வித்தியாசத்தை மட்டும் வரைந்து பார்த்தேன், புள்ளிகள் எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேலே வரிசையாக நின்றன. மெஷினின் காலிபரேஷனை (அளவு திருத்தத்தை) தப்பாகச் செய்திருந்தார்கள்.