புது பேட்டரி போட்டும் காலையில் "டிக்" சத்தம் மட்டும்தான்

கேள்வி:
அப்பா 1997ல் வாங்கிய கார்புரேட்டர் கார், இப்போ என்கிட்ட இருக்கு. பத்து நாளா காலையில் சாவியைத் திருப்பினா "டிக்"னு ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்கிடுது. தள்ளிவிட்டா கிளம்பிடும். பேட்டரி மாத்தி மூணு மாசம்தான். மெக்கானிக் ஸ்டார்ட்டரையே (இன்ஜினைச் சுத்திக் கிளப்புற மோட்டார்) மாத்தணும்கிறார். அப்பா வாரம் தவறாம துடைச்சு வெச்ச வண்டி. கண்டதையும் மாத்த மனசு வரலை.

பதில்:
முதல்ல வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. ராத்திரி நின்ன பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14 பக்கம் இருக்கணும்.

பதில்:
தம்பி, எர்த் வயரை, அதான் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பக்கம் போற கேபிளைப் பார்த்தீங்களா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வையுங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் கட்டாயம். ஒருத்தர் சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா கோளாறு அந்தப் பாதையில்தான். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது கடைசியில். இல்லேன்னா பாசிட்டிவைக் கழட்டுற ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறி பறக்கும், இதை மட்டும் மறக்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, பேட்டரி 12.6. ஆனா நீங்க சொன்ன இடத்தில் 1.8 வோல்ட்! கியர்பாக்ஸ் பக்கம் போல்ட்டில் மாட்டுற முனை பச்சை பூத்துப் போய், கம்பி இழையில் பாதி அறுந்து கிடந்தது. மேலே ரப்பர் உறை அப்படியே இருந்ததால வெளியே தெரியலை. புது கேபிள் போட்டு, போல்ட் உட்கார்ற இடத்தை உப்புத்தாளால் பளபளன்னு தேய்ச்சு, மாட்டினதும் மேலே வாஸ்லின் தடவினேன். இன்னிக்குக் காலையில் அம்மா பக்கத்துல உட்கார, ஒரே திருப்பில் பிடிச்சிடுச்சு. ரொம்ப நன்றி அண்ணா.