கியர் பாக்ஸ் ஆயில் ஒழுகல்: உங்கள் பழைய வண்டியில் எங்கிருந்து வந்தது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, ஸ்டாண்டர்டு ஹெரால்டு:

வண்டலூரில் செய்த நாலு கதவு ஹெரால்டு எங்களுடையது. இங்கிலாந்தில் விற்ற ட்ரையம்ஃப் ஹெரால்டில் நாலு கதவு கிடையாது, அது நம்மூரில் சேர்த்தது. அப்பா காலத்து வண்டி. நிறுத்திய இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை விழும். பார்த்தவர்கள் எல்லோரும் "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. சொட்டுகிறது என்றால் எங்கோ ஒரு இடத்தில் வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் ஒரு பட்டறையில் பின்பக்க ஆயில் சீல், அதாவது சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், அதை மாற்றினார்கள். கொஞ்ச நாள் நின்றது, அப்புறம் பழையபடி சொட்ட ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுபோனபோது கியர் பாக்ஸைச் சுற்றி சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அனுப்பினார்கள். அந்தப் பேஸ்ட் உள்பக்கமாகப் பிதுங்கிக் காய்ந்தால் உதிர்ந்து ஆயிலில்தான் விழும். அதற்கு மேல் நானே இறங்கிவிட்டேன்.

முதலில் சொட்டுவது எந்த எண்ணெய் என்று பாருங்கள். ஹெரால்டில் மூன்று வகை சொட்டலாம். கறுப்பாக, நீர்த்து இருந்தால் எஞ்சின் ஆயில்; கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கத்திலிருந்து பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) வழியாக இறங்கும். தண்ணீர் மாதிரி வழுவழுப்பாக இருந்து பெயின்ட்டையும் உரித்தால், கிளட்ச் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஆயில். விரலில் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை குப்பென்று அடித்தால்தான் கியர் ஆயில். எனக்கு அடித்தது.

அடுத்து, எந்த இடம்? சொட்டு விழும் இடத்தை நம்பக்கூடாது. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். மேல் மூடியில் கசிந்தது வால்பகுதியில் வந்து சொட்டும். டீசலும் பிரஷ்ஷும் வைத்து அடிப்பக்கம் முழுக்கக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை கியர் பாக்ஸ் மேலெல்லாம் தூவினேன். தவளக்குப்பம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் தேன் நிறத்தில் ஈரக்கோடு. பின்பக்க ஃப்ளாஞ்சை (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) சுற்றி ஒன்று, மேல் மூடியின் இடது ஓரத்தில் மெல்லியதாக இன்னொன்று. பட்டறையில் அந்த மேல் மூடியை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், கியர் பாக்ஸ் வேலையை உள்ளே உட்கார்ந்தே பார்க்கலாம். முன் சீட்டுகளையும் நடுவில் இருக்கும் டனல் மூடியையும் கழற்றினால் மொத்த கியர் பாக்ஸும் கண்முன்னால். வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் பள்ளம் வேண்டாம். அதை வெளியே எடுப்பதானால்கூட கதவு வழியாகத்தான் எடுக்க வேண்டும். எனக்கு அதற்கு அவசியம் வரவில்லை.

ஆயிலை வடித்துவிட்டு, பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு ஃப்ளாஞ்சிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கிழித்து வைத்தேன். திரும்ப மாட்டும்போது அதே நேருக்கு வரவில்லையென்றால் வேகத்தில் அதிரும். ஃப்ளாஞ்சை உருவி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சீலின் உதடு உரசும் இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். நகத்தை ஓட்டினால் நகம் மாட்டி நிற்கிறது. எத்தனை புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் ஆயில் வரத்தான் செய்யும். பட்டறையில் சீலை மட்டும் மாற்றினார்கள், அது எதன் மேல் உரசுகிறது என்று பார்க்கவில்லை.

இதற்கு இரண்டு வழி. லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். இல்லையென்றால் சீலை வழக்கமான ஆழத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தி, உதடு தேயாத இரும்பில் படும்படி செய்யலாம். என் வண்டியில் அதற்கு இடம் இருந்தது, அப்படியே நிறுத்தினேன். அதற்கு முன் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம், அப்போது சீல் மாற்றுவது தண்டம். சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவாமல் உலர்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். சீல் அளவெல்லாம் அங்குலக் கணக்கு. பழையதையும் வெர்னியரில் எடுத்த அளவையும் கொண்டுபோனால் சென்னை ஜி.பி. ரோட்டில் பேரிங் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

மேல் மூடியின் கசிவுக்கு, மூடிக்கு அடியில் கொடுக்கும் பேக்கிங் தாளை மூடியின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் ஓரம் முழுக்க மெதுவாகத் தட்டினேன். ஓட்டைகள் உட்பட அச்சாக வெட்டுப்பட்டு வந்துவிடும். பழைய பேக்கிங் எவ்வளவு கனமோ அதே கனத் தாள். ஷெல்லாக் ஒரு பூச்சு, அதுவும் மூடிப் பக்கம் மட்டும்.

ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். கியர் ஆயிலில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று தர வகைகள் உண்டு. கடையில் கேட்டால் ஜி.எல்.5 தருவார்கள், ஜி.எல்.4 கேட்டு வாங்குங்கள். ஜி.எல்.5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கை அதிகம். பழைய கியர் பாக்ஸின் வெண்கல, பித்தளை வளையங்களை அது நாளடைவில் அரிக்கும்.

இப்போது தரை காய்ந்து கிடக்கிறது. கிளட்ச் சிலிண்டர் பக்கம் லேசாக ஈரம் தெரிகிறது, அது அடுத்த வேலை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து, அம்பாசடர்:

என்னுடையது கியர் பாக்ஸ் இல்லை, பின் ஆக்சில். ஆனால் இங்கே சொல்லலாம். பின் சக்கரத்தில் பிரேக் பிடிக்காமல் டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ முழுக்க கியர் ஆயில். சீல் மாற்றியும் திரும்ப வந்தது. கடைசியில் பார்த்தால் ஆக்சில் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர், அதாவது உள்காற்று வெளியேறும் சின்னத் துளை, சேறும் துருவுமாக அடைத்துக் கிடந்தது. ஓடும்போது ஆயில் சூடாகி உள்ளே காற்று விரியும். போக வழியில்லை என்றால் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதி, காற்று போகிறதா என்று பார்த்து மாட்டினேன். நின்றுவிட்டது. நமக்குக் கடற்கரை ஊர், உப்புக்காற்று. மழைக்காலம் முடிந்ததும் பிரீதரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆயில் குடித்த ஷூவைக் கழுவி மறுபடி போடாதீர்கள், புதுசு வாங்குங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, பத்மினி:

ஹெரால்டு அண்ணனுக்கு ஒரு வார்த்தை. பவுடர் வேலை அருமை, நான் கோலமாவு போட்டுப் பார்த்திருக்கிறேன், அது நிற்காது, உதிர்ந்துவிடுகிறது. எங்கள் வண்டியில் சீல், பேக்கிங் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆயில் ஊற்றியவர் முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்தபடி லெவல் பார்த்திருக்கிறார், அளவு தப்பிவிட்டது. அதிகமானதெல்லாம் வெளியே வந்தது. வண்டி சமதரையில் நிற்கும்போது ஆயில் அளவு பார்க்கும் லெவல் ஓட்டையின் பிளக்கைத் திறந்தேன், கால் லிட்டர் போல வழிந்தது. வழிந்து நின்றதும் பிளக்கை முறுக்கினேன். செலவு ஒன்றும் இல்லை, சட்டைதான் போச்சு. கியர் ஆயில் வாடை சோப்புக்கெல்லாம் போகாது.