லாப்டொப் களவு போனால் உள்ளே இருப்பதை எப்படிக் காப்பது?

நிலாவெளிக்காரி:
திருகோணமலையில் ஒரு நொத்தாரிசிடம் வேலை செய்கிறேன். ஆட்களின் காணி உறுதிகள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் ஸ்கேன் செய்து என் லாப்டொப்பில்தான் கிடக்கின்றன. அடிக்கடி இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். போன கிழமை ஹபரணையில் தேத்தண்ணிக்கு இறங்கிவிட்டு ஏறினால், முன்சீட்டுக்காரரின் பையைக் காணவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. லாப்டொப் போனால் இன்னொன்று வாங்கலாம். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்து, அலைந்து திரிந்து பிரதி எடுத்த மூதூர் அம்மாவின் கடதாசி எவன் கையிலாவது போனால் அவருக்கு என்ன பதில் சொல்வேன்? விண்டோஸ் 11 ஹோம். லொகின் பாஸ்வேர்ட் இருக்கிறது. போதுமா?

சம்பூரான்:
முக்கியமானதை ஸிப் செய்து பாஸ்வேர்ட் போடுங்கள் அக்கா. லேசான வேலை.

உப்புவெளி:
தங்கச்சி, லொகின் பாஸ்வேர்ட் மட்டும் போதாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாவற்றையும் வாசிக்கலாம், பாஸ்வேர்டே கேட்காது. ஸிப்பும் சரிவராது. ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தாலே அதன் பிரதி, தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டரில் தங்கக்கூடும். ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அடையாள அட்டைப் படங்கள் டவுன்லோட்ஸில் கிடக்குமே, அவற்றை என்ன செய்வது? முழு டிஸ்க்கையும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்வதுதான் வழி, அதாவது சாவி இல்லாமல் எவரும் வாசிக்க முடியாதபடி மாற்றிவிடுவது.

செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா பாருங்கள். ஹோமில் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லொக்கர் முழுதாக இல்லை, ஆனால் பல லாப்டொப்களில் இது உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து ஓன் செய்யுங்கள். டிஸ்க் வழமைபோலத் திறக்காவிட்டால் கேட்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அதை அச்செடுத்து வீட்டு அலுமாரியில் வையுங்கள், லாப்டொப் பையில் வேண்டாம். சாவி தொலைந்தால் ஒருநாள் நீங்களே வெளியே நிற்க வேண்டி வரும்.

இன்னொன்று: மூடியை மட்டும் மூடிவிட்டு பஸ் ஏறாதீர்கள். அப்போது கணினி ஸ்லீப்பில்தான் இருக்கும், டிஸ்க்கைத் திறக்கும் குறியாக்கச் சாவி மெமரியிலேயே கிடக்கும். ஷட்டவுன் செய்யுங்கள்.

நிலாவெளிக்காரி:
இருக்கிறது அண்ணா! ஓன் செய்துவிட்டேன், சாவியையும் அச்செடுத்தேன். அப்புறம் பையைக் கிளறினால் பென் டிரைவ் ஒன்று. அதே உறுதிகள், ஒரு பூட்டும் இல்லாமல். அதற்கு என்ன வழி?

உப்புவெளி:
ஹோமில் பென் டிரைவுக்கு பிட்லொக்கர் போட முடியாது. வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் இலவசம், அதில் பூட்டிய பெட்டிபோல ஒரு ஃபைல் உருவாக்கி உள்ளே வையுங்கள். கந்தோர்க் கணினியிலும் வெராகிரிப்ட் இருந்தால்தான் திறக்கும், முதலில் கேட்டுப் பாருங்கள். பழைய ஃபைல்களை அழித்தால் மட்டும் போதாது, மீட்டெடுக்கலாம். முடிந்தால் புது டிரைவ் வாங்குங்கள். வீட்டில் ஒரு பேக்கப்பும் வேண்டும். களவு போனதைக் குறியாக்கம் திருப்பித் தராது.

நிலாவெளிக்காரி:
சரி அண்ணா. புதுசு வாங்கும்வரை பழையது கந்தோர் லாச்சியிலேயே இருக்கட்டும்.