பயத்தம் பணியாரம் எண்ணெயில் வெடிக்கிறது, வழி சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணம் குருநகரில் இருக்கிறோம். நத்தாருக்குப் பலகாரம் சுட்டு, 24ஆம் திகதி பின்னேரம் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவது அம்மம்மா காலத்திலிருந்து வழக்கம். இந்த முறை 150 பணியாரம். கேக் எல்லாரும் கொடுக்கிறார்கள். அங்குள்ள அம்மாமார் கேட்பது இதைத்தான்.

மூன்று நாளாகச் சுட்டுப் பார்க்கிறேன். தோய்த்துத் தாச்சியில் போட்ட ஒரு நிமிடத்துக்குள் மேல்தோல் வெடித்து, உள்மா எண்ணெயில் கரைந்து கறுக்கிறது. பத்துக்கு நாலுதான் தேறுகிறது.

உள்ளே வைக்கும் உருண்டைக்கு வறுத்துத் திரித்து அரித்த பயத்தம் மா 1 கிலோ, ஒரு காயின் தேங்காய்ப்பூ (வறுத்தது), சர்க்கரைப் பாகு, மிளகு, சீரகம், ஏலம். தோய்க்க அரிசி மாவும் கோதுமை மாவும் தேங்காய்ப்பாலில்.

தோய்மாவைத் தடிப்பாக்கினேன், தோல் வடை மாதிரி வந்தது. நெருப்பைக் குறைத்தேன், எண்ணெய் குடித்தது. சரி என்று உருண்டைகளை இரவு முழுக்க வைத்தேன்; இந்த மழை ஈரத்தில் விடிய இளகிக் கிடந்தன. அம்மம்மா பாகை விரலால் தொட்டே பதம் சொல்வா, ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

பாகு எந்தப் பதத்தில் இருந்தால் உருண்டை உடையாமல் நிற்கும்?