கல்யாண மாலை முதல் கார்த்திகை அகல் வரை: கைவேலையில் ஈரம் செய்யும் வேலை

கல்யாண மாலைப் பூவை ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) வைத்து டாலர் செய்ய ஆசைப்படுபவர்கள் இப்போது நிறைய. ஆனால் மாலை நாலைந்து நாள் சாமி அறை ஆணியில் தொங்கிய பிறகுதான் பெரும்பாலும் அந்த யோசனையே வருகிறது. அதற்குள் நாரை ஒட்டிய உள்பக்கம் வெந்து பூஞ்சை பிடித்திருக்கும். மாலை கழுத்திலிருந்து இறங்கிய அன்று ராத்திரியே பத்துப் பதினைந்து பூவைப் பிரித்து எடுத்து வைக்கும்படி வீட்டில் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரெசின் வீணானால் இன்னொரு பாட்டில் வாங்கலாம். அந்தப் பூவை வாங்க முடியாது.

எந்தப் பூ நிற்கும் என்பதும் முக்கியம். வாடாமல்லிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அது செடியில் இருக்கும்போதே தாள் மாதிரி உலர்ந்த பூ, நிறமும் அப்படியே நிற்கும். துலுக்கச் சாமந்தியின் மஞ்சளும் ஆரஞ்சும் நன்றாகத் தாங்கும். சிவப்பு ரோஜா காய்ந்தால் கருஞ்சிவப்பாகும், ரெசினுக்குள் போனால் கறுப்பாகவே தெரியும். அதனால் ரோஜாவை முழுசாக வைக்காமல் ஒற்றை இதழாக வைப்பது நல்லது. மல்லிகையும் சம்பங்கியும் பழுப்பாகும், அதைத் தடுக்க வழியில்லை. வெள்ளை இதழ்களில் இன்னொரு சிக்கல்: ரெசின் ஊறியதும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். மெல்லிய தூரிகையால் இருபுறமும் ரெசின் ஒரு பூச்சு கொடுத்து இறுகவிட்டு, அதன் பிறகு அச்சில் வைத்தால் ஓரளவு நிறம் தங்கும்.

காயவைக்க ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குருணை போதும். அரைக் கிலோவில் ஒரு கைப்பிடிப் பூ தாராளமாக மூழ்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடியில் 2 செ.மீ. பரப்பி, பூவை மேல்நோக்கி வைத்து, இதழ் மடங்காமல் கரண்டியால் சுற்றிலும் கொட்டி மூடுங்கள். தனி இதழுக்கு இரண்டு மூன்று நாள், முழு ரோஜாவுக்கு ஒரு வாரம். இதழ் அப்பளம் போல நொறுங்கினால் மட்டும் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காம்பு சேரும் தடித்த அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அங்கே கொஞ்சம் அமுங்கினாலும் இன்னும் இரண்டு நாள் வேண்டும். அந்த மிச்ச ஈரம்தான் பிறகு பூவைச் சுற்றி வெள்ளைப் புகையாகவும் பழுப்பு வளையமாகவும் வெளியே தெரிகிறது.

நீல நிறக் குருணை வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. ஆரஞ்சு நிறக் குருணை வாங்குங்கள். ஈரம் குடித்து நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். சமைக்கிற பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள்.

* * *

மேலே பூவைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார்கள், நான் ரெசின் அளவைச் சொல்கிறேன். நிறையப் பேருக்குக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

30 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம் உள்ள வட்ட அச்சுக்கு ஆறு மில்லி கூடப் பிடிக்காது. கோப்பையிலும் குச்சியிலும் ஒட்டிக்கொள்வதையும் சேர்த்து 10 கிராம் கலந்தால் சரியாக இருக்கும். எடைக்கு 2:1 என்று போட்ட ரெசினாக இருந்தால் ரெசின் 6.7 கிராம், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 3.3 கிராம். சமையலறைத் தராசு முழுக் கிராம்தான் காட்டும். அது 3 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 2.5 ஆகவும் இருக்கலாம், 3.5 ஆகவும் இருக்கலாம். இவ்வளவு சின்ன அளவில் அந்த அரைக் கிராமே ரெசினைக் கெடுத்துவிடும். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். மற்றதில் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். பாட்டிலில் உள்ள விகிதம் எடைக்கா, மில்லிக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் எடை குறைந்த திரவம் என்பதால் இரண்டும் ஒன்றல்ல.

ஐஸ் குச்சியால் மெதுவாக மூன்று நாலு நிமிடம் கலக்கி, ஓரத்தையும் அடியையும் வழித்து, வேறொரு கோப்பைக்கு மாற்றி இன்னொரு நிமிடம் கலக்குங்கள். முதல் கோப்பையின் சுவரில் கலக்காமல் ஒட்டியிருப்பது அச்சுக்குள் விழுந்தால் அந்த இடம் மட்டும் பிசுபிசு என்று நிற்கும். இரண்டு நாள் ஆகியும் ஒட்டினால் அது இனி இறுகாது. மேலே ஹார்ட்னர் தடவுவது பயன் தராது. பிசுபிசுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியாகக் கலந்த ரெசினை மெல்லிய அடுக்காக ஊற்றுவதுதான் வழி.

ஒரே ஊற்றில் முடிக்க நினைத்தால் காய்ந்த பூ மேலே மிதந்து வந்துவிடும். முதலில் 2 மி.மீ. ஊற்றி, அது பாகுப் பதத்துக்கு வந்ததும் பூவை அழுத்தி வைத்து, பிறகு மிச்ச ஆழத்துக்குப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். 24 மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுக்கலாம், முழுசாக இறுக மூன்று நாள். ஐப்பசி மழை நாட்களில் மேற்பரப்பில் எண்ணெய் தடவியது போல ஒரு படலம் வந்தால், அது காற்றின் ஈரத்தால் வருவது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே அடுத்த அடுக்கு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாமல் உரியும்.

நைட்ரில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒரு முறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அந்த அறையில் வேண்டாம்.

இன்னொன்று. கல்யாணப் பூவில் கை வைப்பதற்கு முன், அதே வகைப் பூவைக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கி முழு வேலையையும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

* * *

குழந்தையின் முடியை டாலரில் வைக்க விரும்புகிறவர்களுக்கு: குலதெய்வக் கோயிலில் மொட்டை அடிக்கும்போது, தலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே ஒரு சிட்டிகை முடியை நறுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். நனைந்த பிறகு எடுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க வராது. அப்படி எடுத்ததிலும் தேங்காய் எண்ணெய் இருக்கும். எண்ணெய் இருந்தால் ரெசின் முடியைப் பற்றாது, நீளவாட்டில் வெள்ளிக்கோடு போல இடைவெளி தெரியும். ஒரு முனையை நூலால் இறுகக் கட்டி, ஷாம்பூ போட்டு இரண்டு தடவை அலசி, ஒரு நாள் நிழலில் காய வைத்தால் போதும்.

தொப்புள்கொடியை ரெசினில் வைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்கு நம்மிடம் வெள்ளித் தாயத்து இருக்கிறது, பழகிய முறை, செலவும் குறைவு. விழுந்த கொடியை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி இரண்டு வாரம் நிழலில் வைத்து, கல் மாதிரி ஆன பிறகு தாயத்தில் அடைத்து மூடுங்கள்.

* * *

சுடுமண் நகை செய்பவர்களுக்கும் ஈரம்தான் எதிரி, ஆனால் வேறு விதமாக.

ஒரு கிலோ களிமண்ணில் ஜோடித் தோடும் ஒரு டாலரும் சேர்ந்த செட் இருபத்தைந்து வரை வரும், பொடிக் கல்லும் வேரும் இல்லாமல் சலித்த மண்ணாக இருந்தால். காயும்போதும் சுடும்போதும் சேர்த்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். முடிந்த டாலர் 36 மி.மீ. வேண்டுமென்றால் 40 மி.மீ. ஆகச் செய்யுங்கள். துளையும் சுருங்கும். பல்குச்சி அளவுக்குப் போட்ட துளையில் சுட்ட பிறகு தடித்த நூல் நுழையாது. எந்த இடமும் 8 மி.மீ. கனத்துக்கு மேல் போக வேண்டாம். இரண்டு துண்டை ஒட்டும்போது இரு பக்கமும் ஊசியால் கீறி, களிக்குழம்பு தொட்டு அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காயும்போதே பிரியும்.

முதல் இரண்டு நாள் துணி போர்த்தி நிழலில், அடுத்த மூன்று நாள் துணி இல்லாமல் நிழலில், கடைசியாக அரை நாள் வெயிலில். வெயிலில் தொடங்கினால் மேல்தோல் முதலில் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததா என்று தெரிய, எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அறைச் சூட்டில் இருந்தால் அடுப்புக்குப் போகலாம். கை விரலுக்குத் தெரியாத குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும்.

ஈரத்தோடு சுட்டால் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் நகையைப் பிளந்துகொண்டு வரும். பக்கத்தில் இருக்கிற நாலையும் உடைக்கும். மண்சட்டியில் உமி பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் நகைகளை அடுக்கி, மேலும் உமி போட்டு, சட்டியை மூடி, சுற்றிப் பதினைந்து இருபது வறட்டி அடுக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் வெறும் கணகணப்பு மட்டும் இருக்கட்டும், அதன் பிறகு தீயை ஏற்றலாம். ராத்திரி முழுக்கத் தானாக ஆறட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்று பட்டு விரிசல் விடும்.

காற்று போகாமல் புகை உள்ளேயே நின்றால் நகை கறுப்பாகும். அது தவறில்லை. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளின் கறுப்பும் காற்றில்லாமல் சுட்டதால் வந்ததுதான். சிவப்பு வேண்டுமென்றால் உமியைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

வெந்ததா என்று பார்க்க இரண்டைத் தட்டிப் பாருங்கள். கிண் என்று கேட்க வேண்டும். மொத்தையாகத் தட் என்றால் ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள், கரைந்தால் எல்லாவற்றையும் மறுபடி சுட வேண்டும். கேக் செய்யும் ஓவனில் சுட்டேன் என்கிறார்கள். ஓவனின் 230 டிகிரி மண்ணை நன்றாகக் காயவைக்கும், அவ்வளவுதான். அது சுடுமண் ஆகாது, வியர்வையில் ஊறிக் கரையும்.

* * *

அம்மாவின் பழைய பட்டுப்புடவை ஜரிகையில் வளையல் செய்பவர்கள் முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். 2.4, 2.6, 2.8 என்பது தசமம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தின் பதினாறில் பங்கு. 2.4 என்றால் 57 மி.மீ., 2.6 என்றால் 60 மி.மீ., 2.8 என்றால் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. உள்விட்டம். 2.4 அங்குலம் என்று ஸ்கேலில் அளந்து வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வரும். நூலோ ஜரிகையோ சுற்றிய பிறகு உள்ளே ஒரு மில்லிமீட்டர் வரை குறையும். எப்போதும் இறுக்கமாகப் போடுபவர் என்றால் அடுத்த சைஸ் வெறும் வளையல் எடுங்கள்.

சில்க் த்ரெட்டில் சுற்றுவதானால் இருபது இழை சேர்த்து, 10 மி.மீ. அகல வளையலுக்கு இரண்டு மீட்டர் வெட்டுங்கள். பசை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மட்டும் போதும். முழுக்கத் தடவினால் பசையின் ஈரம் நூலில் ஏறிப் பளபளப்பு செத்துவிடும், கறை கறையாகத் தெரியும். சுற்றும்போது இழைகளைச் சீப்பால் வாரிக்கொண்டே போனால் முறுக்கு விழாது. ஜரிகை பார்டரைத் துவைத்துப் பயன்படுத்தாதீர்கள். நிழலில் உதறி, உள்பக்கமாக மிதமான இஸ்திரி போட்டால் போதும். சென்னை சௌகார்பேட்டையில் கல்லும் ஸ்டோன் செயினும் மொத்தமாகக் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்துக்கொள்வதுதான் லாபம்.

* * *

வளையலுக்கு வெட்டிய பார்டரில் மிச்சம் இருந்தால் அதுவே நவராத்திரித் தோரணம். மூன்றடி வாசலுக்குப் பதினொரு இலை, எட்டு செ.மீ.க்கு ஒன்று. டெய்லர்கள் காலருக்கு வைக்கும் கேன்வாஸை மாவிலை வடிவில் வெட்டி, மேலே பார்டரை இஸ்திரியால் ஒட்டி, ஓரத்தைத் தைத்துவிட்டால் வருடக்கணக்கில் வரும். குருத்தோலைத் தோரணத்தின் அழகு இதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். குருத்தோலையை முந்தைய நாளே மடிப்பதானால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இங்கே ஈரம் வேண்டும், காய்ந்த ஓலை மடிப்பில் கீறும்.

கார்த்திகை அகலில் வண்ணம் தீட்டுபவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை கொசப்பேட்டையிலோ மதுரை விளாச்சேரியிலோ வெறும் அகலாக வாங்கினால் மலிவு. புது அகலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுகிறோம், எண்ணெய் குடிக்காமல் இருப்பதற்காக. ஊறியதை அரை நாள் வெயிலில் வைத்துவிட்டு உடனே வண்ணம் அடித்தால், உள்ளே நின்ற ஈரம் வெளியேறும்போது அக்ரிலிக் பெயின்ட் கொப்புளமாக எழும்பி உரியும். மழைக்காலத்தில் முழுசாக இரண்டு நாள் காயட்டும். வெளிப்பக்கம் மட்டும் தீட்டுங்கள். திரி வைக்கும் மூக்கிலிருந்து ஒரு செ.மீ. வெறும் மண்ணாக விடுங்கள், அங்கே பெயின்ட் இருந்தால் கருகி நாறும். உள்பக்கத்தில் பெயின்டோ வார்னிஷோ வேண்டவே வேண்டாம், எண்ணெயும் சூடும் சேர்ந்து இளக்கிவிடும். சம்கி, லேஸ், நெட் துணி எல்லாம் அகலில் ஒட்டி விற்கிறார்கள். எரிகிற விளக்குக்கு அவை ஆகாது. ஒட்டுவதானால் தட்டில் ஒட்டுங்கள்.

கொலு முடிந்து பரணில் ஏற்றும்போது, காகிதக்கூழ் பொம்மையையும் துணித் தோரணத்தையும் செய்தித்தாளில் சுற்றி, நடுவில் வசம்புத் துண்டு போடுங்கள். மேலே அக்கா பூவுக்குச் சொன்ன அதே ஆரஞ்சுக் குருணையை ஐம்பது கிராம் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வையுங்கள். தை பிறந்ததும் ஒரு தடவை திறந்து பார்த்து, நிறம் மாறியிருந்தால் சூடாக்கி மறுபடி போட்டுவிடுங்கள்.